மாத்திரை கொடுக்கிறவன்

என் பூனையின் வலது முன்னங்காலை யாரோ சிரைத்திருந்தார்கள்.

இடது கால் விஷயம் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் பூனைகளுக்கு மட்டுமே வைத்தியம் பார்க்கிற ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது. நாய்க்கு அங்கே இடமில்லை, கிளிக்கும் இல்லை. கிழவி தின்று தின்று இளைத்துக்கொண்டே போகிறாள் என்று அங்கே தூக்கிக்கொண்டு போனேன். கிழவி என்பது பூனையின் பெயர். என் பெண்டாட்டியைச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிலர் சிரிப்பதுண்டு, அவளும் சேர்ந்து சிரிப்பாள். டாக்டரம்மா ரத்தம் எடுப்பதற்காக இடது முன்னங்காலில் தீப்பெட்டி அளவுக்கு முடியை மழித்தார். கழுத்தில் தைராய்டு என்று ஒன்று இருக்கிறதாம், அது அளவுக்கு மீறி வேலை செய்கிறதாம். அதனால்தான் எவ்வளவு தின்றாலும் உடம்பில் ஒட்டவில்லையாம். காலையும் மாலையும் ஒரு சின்ன மாத்திரை, ஆயுசு முழுக்க.

எனக்கு டாக்டர்கள் மேல் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. நான் வெல்டிங் வேலை பார்த்தவன், கை முரடு. கிழவியைத் துண்டில் சுற்றி, கால் இடுக்கில் வைத்து, வாயைத் திறந்து, கட்டைவிரலால் மாத்திரையை நாக்குக்குப் பின்னால் தள்ளிவிடுவேன். விழுங்கியதா என்று தொண்டையைத் தடவிப் பார்ப்பேன். அதற்குப் பிறகு அவள் என்னை ஒரு பார்வை பார்ப்பாள். வட்டிக்காரனைக்கூட யாரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள்.

மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து அவள் வீட்டில் தங்குவதே குறைந்தது. முன்பெல்லாம் நான் நாற்காலியில் உட்கார்ந்தால் மடிக்கு வந்துவிடுவாள். இப்போது மாத்திரை உள்ளே போனதும் ஜன்னல் வழியாக வெளியே. திரும்பி வரும்போது அவள் முடியில் ஒரு வாசனை. மூட்டுவலிக்குத் தேய்க்கிற பச்சைத் தைலத்தின் வாசனை. எங்கள் வீட்டில் அந்தத் தைலம் கிடையாது.

வேறு யாரோ என் பூனையைத் தடவுகிறார்கள். அந்தக் கை எது என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கிழவியைப் பிடித்துத் தலையிலிருந்து வால் வரைக்கும் மோந்து பார்த்தேன். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த என் பெண்டாட்டி சொன்னாள்: "கல்யாணம் ஆன நாள்லேருந்து என்னை ஒரு தடவையாவது இப்படிச் சந்தேகப்பட்டிருப்பீங்களா? பூனைக்கு இருக்கிற மவுசு எனக்கில்ல."

அப்புறம்தான் வலது கால். அதே தீப்பெட்டி அளவு. முதலில் ஆஸ்பத்திரிக்காரர்கள் மேல்தான் சந்தேகப்பட்டேன். "ஆமா, அதுவே நடந்து போய் ஊசி குத்திக்கிட்டு வந்துச்சாக்கும்" என்றாள் பெண்டாட்டி. அவள் சொல்வதும் சரிதான். ஆனால் கால் மழிக்கிற மெஷினை வேறு யார் வைத்திருக்கிறார்கள்? நேரில் போய் நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். அதோடு கிழவி சரியாகவும் இல்லை. வாந்தி எடுத்தாள், நடை தளர்ந்திருந்தது, கூப்பிட்டால் காதுகூட அசையவில்லை.

போகிற அன்று காலையில் கிழவியைக் காணவில்லை. மாத்திரைக்கும் வரவில்லை. தெருவில் இறங்கிக் கூப்பிட்டுப் பார்த்தேன், சுவர் மேல் பார்த்தேன், வண்டிகளுக்கு அடியில் பார்த்தேன். நேரம் ஆகிவிட்டதால் காலிக் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். எதற்குக் கூடை என்று பெண்டாட்டி கேட்டாள். வழியில் கண்ணில் பட்டால் பிடித்துப் போட்டுக்கொள்ளலாம் என்றேன்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு நடைமுறை உண்டு. உள்ளே நுழைந்ததும் கவுண்டரில் இருக்கிற பெண் துவைத்த துணி ஒன்று கொடுப்பாள். அதைக் கூடை மேல் போர்த்திவிட வேண்டும். ஒரு பூனை இன்னொரு பூனையைப் பார்த்தால் மிரளுமாம். கூடையைத் தரையில் வைக்கக் கூடாது. ஒவ்வொரு நாற்காலிக்கும் பக்கத்தில் முழங்கால் உயரத்தில் ஒரு பலகை, அதன் மேல்தான் வைக்க வேண்டும். அடுத்தவர் கூடைத் துணியை விலக்கிப் பார்க்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, சத்தம் போட்டுப் பேசக் கூடாது. பரீட்சை எழுதுகிற கூடம் மாதிரி இருக்கும்.

நான் என் காலிக் கூடைக்குத் துணி போர்த்தி உட்கார்ந்தேன். பூனை காணாமல் போய்விட்டது என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல வாய் வரவில்லை. சொந்தப் பூனையை வீட்டில் வைத்துக்கொள்ளத் தெரியாதவன் என்று நினைப்பாளே.

பக்கத்து நாற்காலியில் ஒரு ஆள், என் வயசுதான் இருக்கும். அடுத்த தெருவில் அடிக்கடி பார்த்திருக்கிறேன், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். காலம் பூராவும் நின்றே வேலை பார்த்ததில் முழங்கால் போய்விட்டது, அதனால் கொஞ்சம் தாங்கித் தாங்கி நடப்பான். அவன் கூடைக்கும் துணி போர்த்தியிருந்தது. கேட்காமலே பேச ஆரம்பித்தான். அவனுடைய மகாராணிக்கு அவன் மடியைத் தவிர வேறு எங்கேயும் தூக்கமே வராதாம். அவன் வேகவைத்துப் பிய்த்துப் போடுகிற கோழியைத் தவிர வேறெதையும் தொடாதாம். வேறு ஆள் வந்து கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காதாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பூனை ஊர் சுற்றுகிற நேரத்தில் இவன் பூனை இவனுக்குத் தவம் கிடக்கிறதாமே.

"எங்க கிழவி என் குரல் கேட்டாத்தான் தண்ணியே குடிப்பா" என்றேன், காலிக் கூடையைத் தட்டிக்கொடுத்து. "வாசப்படி தாண்ட மாட்டா."

"அப்படியா? சத்தமே காணோமே."

"தூங்குறா. நான் பக்கத்துல இருந்தா அவளுக்குப் பயம் கிடையாது."

"கொடுத்து வச்சவர்தான்" என்றான். அவன் கண்ணிலும் ஒரு எரிச்சல் இருந்ததைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் மனசு குளிர்ந்தது. இன்னும் நாலு பொய் சொல்லலாம் என்று நான் வாயைத் திறந்தபோது அவன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு நிமிர்ந்தான். வாசனை வந்தது. பச்சைத் தைலம்.

அதே நேரத்தில் அவன் கூடைக்குள்ளிருந்து ஒரு குரல். துருப்பிடித்த கீலைப் பாதி திறந்து நிறுத்தின மாதிரி, இழுத்து, நடுவில் அறுந்துபோகிற குரல். எத்தனை பூனை கத்தினாலும் அந்தக் குரலை நான் பிரித்துச் சொல்லிவிடுவேன்.

கவுண்டர் பெண் "மகாராணி" என்று கூப்பிட்டாள். அவன் எழுந்தான். நானும் எழுந்து அவன் கூடை மேலிருந்த துணியை இழுத்தேன். உள்ளே கிழவி. இரண்டு முன்னங்காலும் மழித்தபடி.

"யோவ், இது என் பூனை."

"யாரு யோவ்? துணிய விடுய்யா."

"திருட்டுப் பய."

"எவன்யா திருடன்? தானா வந்துச்சு. வந்து என் மடில படுத்துச்சு. போன்னா விரட்ட முடியும்?"

இவ்வளவும் கிசுகிசு என்றுதான். சத்தம் போடக் கூடாதே. ஆளுக்கொரு கையால் கூடையைப் பிடித்துக்கொண்டு, காதோடு காதாகத் திட்டிக்கொண்டோம். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் எங்களைச் சம்பந்தி என்று நினைத்திருப்பார்கள். கவுண்டர் பெண் வந்து, "ரெண்டு பேரும் உள்ள வாங்க ஐயா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு என் கூடையையும் எடுத்தாள். எடுத்த வேகத்திலேயே அதில் ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதை ஓரமாக வைத்துவிட்டுக் கதவைத் திறந்தாள். கண்டக்டர் என் முகத்தைப் பார்த்தான்.

உள்ளே டாக்டரம்மா கூடையின் கதவைத் திறந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். எங்களையும் உட்காரச் சொன்னார். பூனையைக் கூடையிலிருந்து யாரும் இழுக்கக் கூடாது, அதுவாக வரவேண்டும், யாரும் கூப்பிடவும் கூடாது. அதுவும் அங்கே ஒரு நடைமுறை. இரண்டு கிழவர்கள் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்தோம்.

கிழவி தலையை வெளியே நீட்டினாள். என்னைப் பார்த்தாள். அவளைக் கைக்குட்டை அளவுக் குட்டியாக ஒரு பைப்புக்குள்ளிருந்து எடுத்தவன் நான். என் மேலே அவளுக்கு ஒரு நினைப்பு இல்லாமலா போகும் என்று மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தேன். தள்ளாடிக்கொண்டு வந்தாள். என் காலுக்குப் பக்கத்தில் வந்தவள், தண்ணீர்க் குட்டையைச் சுற்றிப் போவது மாதிரி அதைச் சுற்றிக்கொண்டு போய், அவன் மடியில் ஏறிப் படுத்தாள்.

ஒரு செருப்படிகூட இதைவிட மேல்.

டாக்டரம்மா காலைப் பார்த்தார், இன்னொரு காலையும் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். "நீங்க மாத்திரை கொடுக்கிறீங்களா?" என்று என்னைக் கேட்டார். காலையும் மாலையும், ஒரு வேளை தவறாமல் என்றேன். அவனைக் கேட்டார். அவனும் அதையேதான் சொன்னான். அவன் வந்த நாளில் சின்ன டாக்டர் ஒருவர் பார்த்திருக்கிறார். அவரும் வலது காலை மழித்து ரத்தம் எடுத்து, அதே வியாதியைக் கண்டுபிடித்து அதே மாத்திரையைக் கொடுத்திருக்கிறார். அவர் மேல் தப்பில்லை. இடது கால் ஏன் மழித்திருக்கிறது என்று கேட்டிருக்கிறார், காயத்துக்கு மருந்து போட நானே மழித்தேன் என்று இவன் சொல்லியிருக்கிறான்.

டாக்டரம்மாவின் குரல் ஏறவில்லை. முகம்தான் வெளுத்துவிட்டது. "ரெண்டு மடங்கு மருந்து போயிட்டிருக்கு. அதான் இந்த வாந்தி, இந்தச் சோர்வு. இப்படியே விட்டிருந்தா பூனை உங்களுக்கும் இல்ல, அவருக்கும் இல்ல."

பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டார், வேறு வீட்டில் சாப்பிடுகிறதா என்று முதல் நாளே நான் உங்களைக் கேட்டேன் இல்லையா என்று. கேட்டார்தான். எங்க கிழவி வாசப்படி தாண்டாது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருந்தேன். தைல வாசனை மூக்கில் ஏறின பிறகும் அதை மாற்றிச் சொல்லப் போகவில்லை.

கிழவியை டிரிப் ஏற்ற உள்ளே கொண்டுபோனார்கள். நாங்கள் வெளியே வந்து அதே நாற்காலிகளில் உட்கார்ந்தோம். மழித்த காலைப் பார்த்ததும் வேறு வீடு ஒன்று இருக்கிறது என்று உனக்குத் தெரிந்திருக்குமே என்று அவனைக் கேட்டேன்.

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன்யா மறைச்சே?"

"சொன்னா திருப்பிக் குடுக்கணுமே" என்றான். மடியில் ஒட்டியிருந்த முடியை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தான். "எந்த வீடுன்னு தெரிஞ்சுக்கக்கூட எனக்கு இஷ்டமில்ல. அங்க போயிட்டு வந்தா கொஞ்ச நேரம் நான் அதுகூடப் பேச மாட்டேன்."

அந்த ஒரு விஷயத்தில் அவனைப் புரிந்தது. பிடிக்கத்தான் இல்லை.

கிழவி பிழைத்துக்கொண்டாள். வாந்தி நின்றது, மறுபடியும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் வரச் சொன்னார். சோற்றை யார் வேண்டுமானாலும் போடுங்கள், மாத்திரை மட்டும் ஒருவர்தான் கொடுக்க வேண்டும், அது யார் என்று இப்போதே சொல்லிவிட்டுப் போங்கள் என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார். வாயைத் திறந்து மாத்திரை போடுகிறவரைப் பூனைக்குப் பிடிக்காது, கண்டால் ஓடும், வருத்தப்படக் கூடாது என்று.

இரண்டு பேரும் மேஜை மேலிருந்த மாத்திரை டப்பாவையே பார்த்தோம். கடைசியில் அவன், "ஐயாவே குடுக்கட்டும், பழக்கப்பட்ட கை" என்றான். விவரமான ஆள். உனக்கு மடி, எனக்கு மாத்திரையா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. "ஏன், நீங்க குடுங்களேன்" என்றேன்.

நீங்கள் எப்படிக் கொடுத்தீர்கள் என்று டாக்டரம்மா அவனைக் கேட்டார். கோழிக்குள் மறைத்து வைத்தேன் என்றான். ஒவ்வொரு தடவையும் விழுங்கியதா, பார்த்தீர்களா?

"முழுங்கியிருக்கும்னுதான் நினைக்கிறேன்."

நினைக்கிறானாம். ஒரு நாள் கோழியைத் தின்றுவிட்டு மாத்திரையைக் கட்டிலுக்கு அடியில் துப்பியிருந்தாலும் இவனுக்குத் தெரியாது. மடியில் படுத்தால் போதும் இவனுக்கு. இவன் கையில் அந்த டப்பாவைக் கொடுத்துவிட்டு நான் வீட்டில் நிம்மதியாக உட்கார முடியுமா? நான் என் தம்பியையே நம்பாதவன்.

"குடுங்கம்மா" என்று கையை நீட்டினேன். கண்டக்டரின் முகத்தில் சிரிப்பு வந்ததை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

இப்போது காலையில் எங்கள் வீட்டில் மாத்திரை. விழுங்கினதும் ஜன்னல் வழியாகப் போய்விடுகிறாள். சாயங்காலம் நான் செருப்பை மாட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போகிறேன். என் செருப்புச் சத்தம் கேட்டதும் கிழவி அவன் மடியிலிருந்து குதித்துக் கட்டிலுக்கு அடியில் பதுங்குகிறாள். நான் குனிந்து, இழுத்து, துண்டில் சுற்றி, மாத்திரையைத் தள்ளித் தொண்டையைத் தடவுகிறேன். அவன் நாற்காலியை விட்டு எழுவதில்லை. "பாத்து, மெதுவா" என்று எனக்கே சொல்கிறான். நான் வாசலுக்கு வருவதற்குள் அவள் மறுபடி அவன் மடியில் ஏறிவிடுகிறாள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்றுதான் தினமும் நினைக்கிறேன்.

போன தடவை ஆஸ்பத்திரியில் எடை போட்டார்கள். நன்றாகத் தேறிவிட்டாள், முதுகெலும்பு கையில் தட்டவில்லை. என் கோழி என்றான் அவன். டாக்டரம்மா என் பக்கம் பார்த்துத் தலையசைத்தார். எனக்கு அவர் தலையசைப்பு எதற்கு?

வீட்டுக்கு வந்தால் என் கட்டைவிரலிலும் அந்தத் தைல வாசனைதான். சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுகிறேன். பெண்டாட்டி சோற்றுத் தட்டை வைத்துவிட்டு, "வந்தாளா?" என்று கேட்கிறாள்.

"முழுங்கிட்டா" என்கிறேன்.