கன்றுக்கு ஒரு சொம்பு சீம்பால்

எங்கள் பசு விடிகாலையில் கிடாரிக் கன்று போட்டது. நான் துள்ளிக் குதிக்காத குறைதான். மடியைத் தொட்டதும் சந்தோஷமெல்லாம் வடிந்துவிட்டது. கல்லாக இறுகிச் சுட்டது. கறந்தால் நான்கு காம்பிலும் சீம்பாலுக்குப் பதில் ரத்தம் கலந்த நீர், திரிதிரியாக.

மாட்டு டாக்டர் ஊசி போட்டுவிட்டு என்னிடமும் என் கணவரிடமும் சொன்னார்: "மடிநோய். இந்தப் பால் கன்னுக்கு ஆகாது. வயித்துல இருக்கும்போது அதுக்குத் தாய்கிட்டேருந்து எதிர்ப்பு சக்தி வர்றதில்ல. எல்லாம் சீம்பால்லதான் வரணும். வேற மாட்டோடதாவது மதியத்துக்குள்ள குடுத்துடுங்க. நாளைக்குக் குடுத்தா அது வெறும் சாப்பாடுதான், ரத்தத்துல சேராது."

அடுத்த தெருவில் என் கணவரின் அண்ணன் வீட்டில் முந்தின ராத்திரிதான் மாடு ஈன்றிருந்தது. ஆனால் தொழுவத்தைப் பங்கு பிரித்ததிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சு கிடையாது. இவர் முறுக்கிக்கொண்டு நின்றார். அந்த வீறாப்பைக் கறந்தால் உழக்குப் பால் வருமா?

"நானே போறேன்" என்றேன்.

"நீ பசுவைப் பாரு. நான் கேக்கறேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போனார். வெறுங்கையோடு திரும்பி, "இல்லைன்னுட்டாங்க" என்றார்.

அண்ணன் பெண்டாட்டியான என் ஓரகத்தியை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டும் எங்கும் கிடைக்கவில்லை. கடைசியில் பாக்கெட் பாலைக் காய்ச்சி ஆற்றிப் புட்டியில் கொடுத்தேன்.

மறுநாள் சாயங்காலம் ஓரகத்தி சொம்போடு மூச்சிரைக்க வந்தாள்.

"கன்னு போட்டது இப்பத்தான் காதுல விழுந்துச்சு. ஃபிரிட்ஜ்ல அவ்ளோ சீம்பால் எடுத்து வெச்சிருந்தேன். ஒரு வார்த்தை கேக்கக் கூடாதாடி?"

இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் சொன்ன கெடு தாண்டியிருந்தது. அது கன்றுக்குத் தெரியுமா? வாலை ஆட்டி ஆட்டிச் சொம்புப் பால் முழுவதையும் குடித்தது. "பொழச்சுக்கும் பாரு" என்று அவள் அதன் கழுத்தைத் தடவினாள். உண்மையைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அவள் போனதும், "கேட்டீங்களா இல்லையா?" என்றேன்.

"வாசல் வரைக்கும் போனேன். அண்ணன் அவங்க கன்னைத் துடைச்சுக்கிட்டு இருந்தான். என்னைப் பாக்கல. திரும்பிட்டேன்."

அதன்பிறகு அவரிடம் பேசவில்லை.

இரண்டு நாள் வயிற்றால் போய்க் கன்று செத்துப்போனது. இவர் தொழுவத்துக்குப் பின்னால் குழி வெட்டினார். செய்தி கேட்டு ஓடி வந்த ஓரகத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"என் பால்ல ஏதாவது கோளாறு இருந்துச்சாடி?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் நிமிராமல் மண்ணைத் தள்ளிக்கொண்டே இருந்தார்.

"இல்லக்கா, நல்ல பால்தான்" என்றேன்.