ஆறாம் படுக்கைக்காரரின் காது

ஐந்து நாள் விடுப்பு முடிந்து வார்டுக்குத் திரும்பிய முதல் காலையிலேயே மூன்று பேரிடம் சண்டை போட்டேன். அதில் ஒன்றுக்காகவும் நான் வருந்தவில்லை. வருந்துவது வேறொன்றுக்கு.

ஆறாம் படுக்கையில் இருந்தவர் லாரி மெக்கானிக். ரத்தத்தில் கிருமி ஏறி, நான் விடுப்பில் போவதற்கு முந்தின நாள் வந்து சேர்ந்தவர். காய்ச்சல் கொதித்துக்கொண்டிருந்தபோதும் தலைக்கு மேல் ஓடிய மின்விசிறியைக் காட்டி, "பேரிங் போயிடுச்சு சிஸ்டர், கீச்சு கீச்சுன்னு கத்துது. கழட்டிக் குடுங்க, பாத்துத் தரேன்" என்றார். எஞ்சினை ஓடவிட்டுக் காதைக் கொடுத்தே கோளாறைச் சொல்லிவிடுவாராம். அதற்காகவே பட்டறையில் வண்டிகள் காத்து நிற்குமாம். அவர் மனைவி அதைச் சொல்லும்போது முகமெல்லாம் பெருமை.

இப்போது காய்ச்சல் இறங்கியிருந்தது. என்னைக் கண்டதும் சிரித்தார். "விசிறிய சரி பண்ணிட்டீங்க போல. சத்தமே இல்ல" என்றார், வார்டே திரும்பிப் பார்க்கும் குரலில்.

விசிறியை யாரும் தொட்டிருக்கவில்லை. பல் கூசும்படி அது கத்திக்கொண்டுதான் இருந்தது.

அவருடைய குறிப்பேட்டை எடுத்தேன். அவருக்கு ஏறும் ஊசி மருந்து கிருமியைக் கொல்லும். சிலருக்குக் காதையும் சேர்த்துக் கொல்லும். அப்படிப் போன காது திரும்பாது. அதனால்தான் தினமும் காதைச் சோதித்து எழுதக் குறிப்பேட்டில் தனியாகக் கட்டம் வைத்திருக்கிறார்கள். புரட்டினேன். முதல் நாள் நான் சோதித்து எழுதிய 'இயல்பு'. அதற்குக் கீழே ஐந்து நாளும் அதே 'இயல்பு', யார் யாரோ எழுதியது.

காலை டியூட்டி நர்ஸ் பத்து மணி ஊசியோடு வந்தாள்.

"எப்படி சோதிச்சே?"

"காது கேக்குதான்னு கேட்டேன். கேக்குதுன்னாங்க."

"யாரு?"

அவள் கண் மெக்கானிக்கின் மனைவியிடம் போனது. கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"காது அவருக்கா, அவங்களுக்கா?" என்றேன். ஊசித் தட்டை அவள் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்தேன். படித்துவிட்டு வந்து இப்படியா வேலை பார்ப்பது என்று பற்றிக்கொண்டு வந்தது.

மெக்கானிக்கின் முதுகுக்குப் பின்னால் நின்று, ஒரு பக்கக் காதை விரலால் அடைத்து, கிசுகிசுத்த குரலில் "ஏழு" என்றேன். "ஏழு" என்றார். "நாலு" என்றேன். "நாலு" என்றார். ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. பிறகுதான் எதிரே உட்கார்ந்திருந்த மனைவியின் உதடுகளைப் பார்த்தேன். நான் சொன்னதையெல்லாம் சத்தமில்லாமல் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவரை வராந்தாவுக்கு அனுப்பிவிட்டு மறுபடி சொன்னேன். இரண்டு பக்கமும். மெக்கானிக் வாசலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

டியூட்டி டாக்டர் வந்ததும் அவருக்குக் காது கேட்கவில்லை என்றேன். "வயசானா கொஞ்சம் மந்தமாத்தான் இருக்கும். பத்து மணி ஊசிய போட்டுடுங்க."

"ஆறு நாள்ல யாருக்கும் வயசாகாது டாக்டர். நான் போட மாட்டேன். சோதிச்சத எழுதியிருக்கேன். போடச் சொல்றவங்க அதுக்குக் கீழ கையெழுத்து போட்டுட்டு போடச் சொல்லட்டும்."

முறைத்தார். குறிப்பேட்டை வாங்கிப் படித்தார். பேனாவை எடுக்கவில்லை. பெரிய டாக்டருக்கு போன் போட்டார். ஐந்தே நிமிடத்தில் வேறு மருந்து எழுதப்பட்டது. கிருமிக்கு அதுவும் கேட்குமாம். ஐந்து நிமிட வேலை. அதைச் செய்ய இந்த ஐந்து நாளில் ஒருவருக்கும் கை வரவில்லை. என் உடம்பெல்லாம் எரிந்தது.

அந்த எரிச்சலோடுதான் வராந்தாவுக்குப் போனேன்.

"மருந்த மாத்தியாச்சு. அவருக்குக் கேக்கலன்னு உங்களுக்கு எப்போலேர்ந்து தெரியும்மா?"

"நாலு நாளா. காதுக்குள்ள இரைச்சலா இருக்குன்னார். அப்புறம் என் வாயையே பாக்க ஆரம்பிச்சார்."

"தெரிஞ்சுமா மறைச்சீங்க? அந்த மனுசனுக்கு சோறு போடுறதே காதுதானே?"

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சொன்னா ஊசிய நிறுத்திடுவீங்கன்னு பயந்தேன். ஒரு வேளை விட்டாக்கூட ஆள் தேறமாட்டார்னு சொன்னாங்க. காது போனா போகட்டும், ஆளு இருந்தா போதும்னு இருந்துட்டேன்."

"எந்த அறிவு கெட்டது அப்படி சொன்னது? யாருன்னு சொல்லுங்க, இப்பவே கேக்குறேன்."

தரையைப் பார்த்தார்.

"நீங்கதான் சிஸ்டர். மொத நாளு."

சொல்லியிருக்கிறேன். காதில் இரைச்சல் வந்தால் உடனே சொல்ல வேண்டும், வேறு மருந்து இருக்கிறது என்ற மீதியைச் சொல்லவில்லை. 'குடும்பத்தாருக்கு விளக்கப்பட்டது' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டுவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருந்தேன்.

"மருந்தத்தான் மாத்திட்டீங்களே" என்றார் அவர். "இனிமே காது திரும்ப வந்துடும்ல?"