காயாத சமண்டலை

1

இந்தக் கதையின் முதல் வரியை ஓர் அரசாங்கப் படிவத்தில்தான் எழுதினேன். அது கதையென்று அப்போது எனக்குத் தெரியாது.

1964 மார்கழிப் புயல் திருகோணமலையைப் புரட்டிப்போட்டு ஓய்ந்த பிறகு, கிளிவெட்டிப் பக்கத்து ஊர்களுக்குப் போய்ப் பெயர் எழுதிவரச் சொன்னார்கள். படிவத்தில் இரண்டு நிரல்கள்: இறந்தோர், காணாமற்போனோர். நான் புதிதாகச் சேர்ந்த எழுதுவினைஞன். கையெழுத்து அழகு என்பதைத் தவிர வேறு தகுதி கிடையாது. வயல் செய்யும் கமக்காரர் குணரத்தினத்தின் பெயரை எந்த நிரலில் எழுதுவது என்று அவருடைய மனைவி அன்னலட்சுமியைக் கேட்டேன்.

"ரெண்டிலயும் எழுத வேண்டாம் ஐயா. எருமையளை அவிழ்த்துவிடப் போனவர். வருவார்."

பெயரைத் தாளின் ஓரத்தில் எழுதினேன். ஓரத்தில் நின்ற அந்தப் பெயருக்காக மாதம் ஒருமுறை அந்த வீட்டுக்குப் போகவேண்டியதாயிற்று. மற்றதெல்லாம் அதனால் வந்த வினை.

2

தொடக்கம் ஒன்று: புயலன்று பின்னேரம் குணரத்தினம் கயிற்றை

தொடக்கம் இரண்டு: காற்று ஏறுவதைக் கண்டதும், எருமைகளை நினைத்து, குணரத்தினம் கயிற்றை

(இரண்டும் ஒரே சொல்லில் முறிந்திருப்பதைப் பார்க்கிறீர்கள். பேனையில் மை இருந்தது. அடுத்த சொல் ‘எடுத்தார்’ என்பதும் தெரியும். எழுத வரவில்லை. பதினாறு வருடங்களில் ஒன்பது தடவை முயன்றுவிட்டேன்.)

ஆகவே மரத்திலிருந்து தொடங்குகிறேன்.

அன்னலட்சுமியின் தம்பி தவராசா, ஊர்க் கோயிலின் வேட்டைத் திருவிழாவுக்கு வில் செய்பவன். புயலில் கோயில் கூரையோடு பழைய வில்லும் போய்விட்டது. திருவிழாவோ ஆவணியில். வேறு காலமென்றால் நிற்கிற மரமாகப் பார்த்துத் தேய்பிறையில் வெட்டுவான். காற்று சாய்த்த மரத்தில் அவர்கள் வில் எடுப்பதில்லை. வெளியே தெரியாமல் உள்ளே நார் முறிந்திருக்கும்; இழுக்கும்போதுதான் காட்டிக்கொடுக்கும். ஆனால் காட்டுப் பாதைகளெல்லாம் அடைபட்டுக் கிடந்தன. தை மாதம் மரவண்டிக்காரர் ஆதம்பாவா, கடல்நீர் ஏறும் களப்போரத்தில் விழுந்து கிடந்ததென்று ஒரு சமண்டலை மரத்தைக் கொண்டுவந்து இறக்கினார். அடி முதல் கிளை வரை ஒரே பருமன். தவராசா சாண் வைத்துச் சுற்றளவு பார்த்தான். நாலு சாண். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டியவன், ஆசைப்பட்டுவிட்டான்.

மரமறுக்கும் வாளால் அறுக்காமல், ஆப்பு இறக்கி நாரின் ஓட்டத்தோடு பிளந்தான். தேறியது ஒரே ஒரு கட்டை. பட்டையை உரித்து, தலைப்புகள் வெடிக்காமலிருக்கத் தேன்மெழுகு பூசி, அக்காவின் குசினிப் பரணில் அடுப்புப் புகை படும்படி ஏற்றினான்.

இன்னொரு முறையும் உண்டு, அதை மறந்துவிடாதீர்கள். கட்டையைக் காயவைத்தவன்தான் வில்லை முதலில் இழுக்கவேண்டும், நாண் காதைத் தொடும்வரை. வில் முறிந்தால் சிராய் பாய்வது அவன் முகத்தில்.

3

கட்டை காய்ந்ததை எப்படி அறிவது? பௌர்ணமிக்குப் பௌர்ணமி பகலில் நிறுத்துப் பார்ப்பார்கள். முற்றத்து வேம்பில் ஒரு தடியை நடுவில் கட்டித் தொங்கவிட்டு, ஒரு முனையில் கட்டை, மறுமுனையில் கூழாங்கற்கள் போட்ட கடகம். ஈரம் போகப் போகக் கட்டை இலேசாகும், கல்லை எடுக்கவேண்டும். கல் எடுக்கத் தேவையில்லாமல் இரண்டு பௌர்ணமி கழிந்தால் சரி.

மாசியில் நாலு கல் எடுத்தான். பங்குனியில் மூன்று. சித்திரையில் இரண்டு. வைகாசியில் நான் போயிருந்த அன்று, கடகத்துக்குள் கைவைத்தவன் அப்படியே நின்றுவிட்டான். தாழ்ந்திருந்தது கட்டைப் பக்கம். ஒரு கல்லைத் திருப்பிப் போட்டான். போதவில்லை. இன்னும் இரண்டு போட்டான்.

"மழையும் இல்லை," என்றான். "அடுப்பும் ஒருநாளும் அணையேல்லை. என்னெண்டு ஐயா பாரம் கூடும்?"

கட்டையின் நடுவில், பிடி வரவேண்டிய இடத்தில், பட்டை இருந்த பக்கத்தில் குறுக்காக மூன்று விரல் அகலத்துக்கு ஈரம் ஊறியிருந்தது. தொட்டுப் பார்த்தேன். விரலை ஏன் நாக்கில் வைத்தேனோ தெரியாது. உப்புக் கரித்தது.

4

நீங்கள் நினைப்பதை நானும் நினைத்தேன். என் நாலாவது பிரதியில் அன்னலட்சுமி, ஆளில்லாத நேரம் பரணில் ஏறி ஈரத்துணியால் கட்டையைத் துடைக்கிறாள். கட்டை காயாவிட்டால் வில் இல்லை, தம்பியின் முகமும் தப்பும். நல்ல காட்சி. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆனால் ஆனி மாதம் அவள் காய்ச்சலில் பன்னிரண்டு நாள் திருகோணமலை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வீடு பூட்டியிருந்தது, திறப்பு தவராசாவின் மடியில். அவள் திரும்பிய அன்று நிறுத்தார்கள். ஐந்து கல் கூட. நாலாவது பிரதியைக் கிழித்துப் போட்டேன்.

அன்றுதான் அவள் என்னிடம் சொன்னாள்: "சமைக்கேக்க மேல இருந்து அடுப்புக்குள்ள சொட்டும் ஐயா. ஆள் மூச்சு விடுறமாதிரி ஒரு சத்தம். நான் அதோட கதைக்கிறனான்."

என்ன கதைப்பாள் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. குசினிப் பக்கம் பார்க்கவும் பயமாக இருந்தது.

5

ஆதம்பாவாவை முதற் பிரதிகளில் கள்ளனாக எழுதியிருந்தேன். பிழை. ஆடி மாதம் நிறுக்கிற அன்று அவர் அந்த வழியாக வந்தவர், வண்டியை நிறுத்திவிட்டு வேம்படிக்கு வந்தார். ஈரம் ஊறிய இடத்தைக் கண்டதும் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார். திரும்பிப் போய், வண்டியில் வைக்கோலுக்கு அடியிலிருந்து ஒரு கயிற்றைச் சுருட்டி எடுத்துவந்தார். எருமை கட்டும் தும்புக் கயிறு. வளையமாக முடிச்சுப் போட்டது, ஓரிடத்தில் மட்டும் கத்தியால் வெட்டியிருந்தது.

"இது அந்த மரத்தில, இந்த இடத்திலதான் கட்டி இருந்திச்சி தங்கச்சி. முடிச்சு அவிழல்ல. நான்தான் வெட்டி எடுத்த. ஆளில்ல. வெறுங் கயிறக் கொண்டுவந்து உங்களுக்கிட்ட என்னெண்டு சொல்ற?"

அன்னலட்சுமி முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இடக்கைக்காரர் போடும் முடிச்சு. குணரத்தினம் இடக்கைக்காரர்.

"மரத்துக்கும் கயித்துக்கும் நடுவில இடம் இருந்ததோ நானா?" அண்ணனைக் கேட்பதுபோல ஆதம்பாவாவைக் கேட்டாள்.

"மரம் சரிஞ்சி சேத்தில கிடந்த. நான் பாக்கல்ல. பாக்கப் பயம்."

அவள் கேட்டதன் பொருளை நான் விளக்கவேண்டும். இடம் இல்லையென்றால், அது மரத்தில் வெறுமனே கட்டிவிட்ட கயிறு. மனிதர் அங்கிருந்து நடந்து போயிருக்கிறார். அவள் காத்திருக்கலாம், தம்பி வில் செய்யலாம். ஓர் ஆள் இடம் இருந்ததென்றால், தண்ணீர் ஏறும்போது குணரத்தினம் தம்மை மரத்தோடு கட்டிக்கொண்டிருக்கிறார். அவள் பொட்டை அழிக்கவேண்டும். அந்தக் கட்டையில் யாரும் கத்தி வைக்கப்போவதில்லை. (நனைந்த கயிறு சுருங்கும் என்பீர்கள். ஓர் ஆள் அளவுக்குச் சுருங்காது.)

மூன்றாவது ஒன்றும் இருக்கிறது: இடமும் இல்லை, ஆளும் மரத்தை விட்டுப் போகவில்லை. அதை நான் எந்தப் பிரதியிலும் எழுதவில்லை.

6

"நீ அள தம்பி," என்றாள் அன்னலட்சுமி. "மரத்தை அளந்த கைதானே."

தவராசா கயிற்றை வாங்கினான். அக்காவுக்கு முதுகைக் காட்டிக் குந்தி, மிச்சத்தை இடக்கைப் பிடிக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, வெட்டிய முனையிலிருந்து சாண் வைத்தான். ஒன்று. இரண்டு. மூன்று.

நாலு.

மரத்தின் சுற்றளவு அவ்வளவுதான். விரல் நின்றது. நான் அவனுக்கு நேரெதிரே நின்றேன். அவன் இடக்கைப் பிடியை எனக்கு மட்டும் திறந்து காட்டினான். பிறகு மூடிக்கொண்டான்.

அன்னலட்சுமி அவனிடம் கேட்கவில்லை. தம்பி அல்லவா, தனக்காகப் பொய் சொல்வான் என்று தெரிந்திருக்கும். என்னிடம் கேட்டாள்.

"கிளாக்கர் ஐயா, நீங்கள் பார்த்தனீங்கள்தானே. எழுதுற ஆள், பொய் சொல்லமாட்டியள். மிச்சம் இருக்குதோ?"

நான் பதில் சொன்னேன். சொன்னது பொய்.

எந்தப் பொய் என்பதைத்தான் ஒன்பது தடவையும் எழுத முடியவில்லை. அடுத்த பௌர்ணமிக்கு நான் போகவில்லை. இடமாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டேன். என் பேச்சை நம்பி அவள் பொட்டை அழித்தாளா, இல்லை, என் பேச்சை நம்பித் தவராசாவை அந்த வில்லை இழுக்க விட்டாளா என்று இன்றுவரை யாரிடமும் விசாரிக்கவில்லை. ஆதம்பாவா ஏழு மாதம் மறைத்ததைக் குற்றமென்று எழுத வந்தவன் நான். வெட்கமாக இருக்கிறது.

படிவத்தின் பிரதி என் மேசையில்தான் கிடக்கிறது. பெயர் இன்னும் ஓரத்தில். நேற்று அதைக் கையில் எடுத்தேன். ஒற்றைத் தாள், மற்றத் தாள்களைவிடப் பாரமாக இருந்தது.

இனி என்னால் ஏலாது. தவராசா இப்போது உங்களுக்குப் பிடியைத் திறந்து காட்டுகிறான். அன்னலட்சுமி உங்களைத்தான் கேட்கிறாள். என்னைப்போல அவசரப்பட்டு இரக்கம் காட்டாதீர்கள். உள்ளதைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, இந்த வரியையும் முடித்துவிடுங்கள்:

புயலன்று பின்னேரம் குணரத்தினம் கயிற்றை