பெயர் போன டிரம்கள்

சங்கராபுரத்துக்கு வெளியே, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவில் தனசேகரனின் எசன்ஸ் கம்பெனி. சோடாவுக்கும் குச்சி ஐஸுக்கும் சேர்க்கிற பழ வாசனை அங்கிருந்துதான் போகும். கிடங்கும் எசன்ஸ் கலக்குகிற வேலையும் அய்யப்பன் பொறுப்பு, பதினாறு வருஷமாக. மூடியைத் திறந்து மோந்தாலே இது இன்னது என்று சொல்லிவிடுவான் என்று பேர் எடுத்தவன்.

அந்த மூக்கு செத்து ஒரு வருஷமாகியிருந்தது. போன கோடையில் வந்த காய்ச்சல் போகும்போது வாசனையையும் கொண்டுபோய்விட்டது. பெண்டாட்டியிடம்கூட அவன் சொல்லவில்லை. லேபிளைப் படித்துவிட்டு, சும்மா ஒரு தரம் மோந்து தலையாட்டி, நாளை ஓட்டிக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை அடித்த மழையில் கிடங்கின் ஷீட் ஒழுகியது. திங்கள் காலையில் பார்த்தால் இரண்டு டிரம்களின் லேபிள்கள் கூழாகிக் கிடந்தன. ஒன்று அன்னாசி வாசனைக்கு, இன்னொன்று பேரிக்காய்க்கு. கரியாலூரில் கோடை விழாவுக்குக் கடை போடுகிறவர்கள் அன்னாசி எசன்ஸ் கேட்டிருந்தார்கள். மறுநாள் பஸ்ஸில் ஏற்றியாக வேண்டும்.

கம்பெனியின் சோதனைக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த பவுலின் பில்லை எடுத்துப் பார்த்தாள். அன்னாசி, எத்தில் புரோப்பனோயேட். பேரிக்காய், புரோப்பைல் எத்தனோயேட். இரண்டுக்கும் ஒரே ஃபார்முலா, ஒரே எடை. கொதிக்கிற சூட்டில்கூட இரண்டு மூன்று டிகிரிதான் வித்தியாசம். தனக்கு ரெண்டுமே பழ வாசனையாகத்தான் தெரிகிறது, அண்ணன் மோந்து சொன்னால் எழுதிவிடலாம் என்று பேனாவைத் திறந்தாள்.

அய்யப்பன் குனிந்து மோந்தான். தண்ணீர்க் குடத்தில் மூக்கை விட்டதுபோல இருந்தது. இடப்பக்கம் இருப்பது அன்னாசி என்றான். அவள் அப்படியே நம்பி எழுத ஆரம்பித்தாள். ‘எத்தில்’ வரை வந்ததும் அவன் பேனாவுக்குக் குறுக்கே கையை நீட்டினான்.

“எழுதாதீங்க மேடம். எனக்கு வாசனை தெரியாது. ஒரு வருசமாவே தெரியாது.”

ஏன் மறைத்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை. சோறு இறங்குகிறதா என்று கேட்டாள். அதை யாரும் அவனிடம் கேட்டதில்லை. எல்லாம் வெறுங்கஞ்சி மாதிரிதான் என்றான்.

“மூக்கு வேணாங்கண்ணா. உடைச்சே பாத்துடலாம்,” என்றாள் பவுலின்.

ஆல்கஹாலும் அமிலமும் சேர்ந்து, தண்ணீரைக் கழித்துவிட்டு, இந்த வாசனைச் சரக்கான எஸ்டர் ஆகிறது. பேரில் முன்னால் நிற்பது ஆல்கஹால், பின்னால் வருவது அமிலம். எத்தில் புரோப்பனோயேட்டை உடைத்தால் எத்தனால் வரும், புரோப்பனாயிக் அமிலத்தின் உப்பு மிஞ்சும். மற்றதில் புரோப்பனால் வரும், எத்தனாயிக் அமிலத்தின் உப்பு மிஞ்சும். இதை அவள் சொல்லச் சொல்ல, இத்தனை வருஷம் வாயில் நுழையாத சீமைப் பேர்களாக இருந்தவை, அப்பன் பேரும் ஆத்தா பேரும் சேர்ந்தவைபோல அவனுக்கு விளங்கின.

இரண்டிலும் கொஞ்சம் எடுத்து, காஸ்டிக் சோடா கரைசலோடு தனித்தனியே கொதிக்க வைத்தார்கள். வெளியேறிய ஆல்கஹாலை வடித்து, அயோடினும் காரமும் சேர்த்தாள். இடப்பக்க டிரம்மின் கண்ணாடிக் குழாயில் ஒன்றுமே இல்லை. வலப்பக்கத்தில் மஞ்சள் தூள் போல ஒன்று பொலபொலவென்று படிந்தது. இந்த இரண்டில் எத்தனால்தான் அப்படி மஞ்சள் காட்டும். வலப்பக்க டிரம்தான் அன்னாசி.

அய்யப்பன் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தான். “நான் சொன்னத எழுதியிருந்தா இன்னா ஆயிருக்கும்?”

“அதான் எழுதலையே.”

முதலாளியிடம் அவனே போய்ச் சொன்னான். தனசேகரன் கோபித்துக்கொண்டார். கலக்குகிற வேலை இனி கிடையாது என்றார். பிறகு பவுலினைக் கூப்பிட்டு, வருகிற ஒவ்வொரு டிரம்மையும் இப்படிச் சோதிக்க முடியுமா என்று விசாரித்தார். ஒரு ஆளால் ஆகாது, அய்யப்பண்ணன் கூட இருந்தால் முடியும் என்றாள்.

சாயங்காலம் வூட்டில் சொன்னபோது, பெண்டாட்டி செந்தமிழ்ச்செல்விக்கு அது புதுச் செய்தியாக இல்லை. “கருவாடு வறுத்தா ஜன்னலத் தொறன்னு கத்துவீங்க. இப்போ சும்மா குந்திக்கினு இருக்கீங்க. தெரியாதா எனக்கு?” என்றாள். அந்த வாரமே கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினாள். திரும்ப வரலாம், வராமலும் போகலாம், நாளாகும் என்றார் டாக்டர்.

அடுத்த லோடில் மெத்தில் பியூட்டனோயேட் வந்து இறங்கியது. அய்யப்பன் பேரை விரலால் தடவிப் படித்தான். “மெத்தனால். அப்புறம் பியூட்டனாயிக் அமிலம். சரிதானுங்களா மேடம்?”

சரிதான் என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பற்ற வைக்கப் போனாள். அவன் கண்ணாடிக் குடுவையைக் கழுவ ஆரம்பித்தான்.