பேரவையின் பொறுப்பில் ஒரு தொடை இடுக்கு

மட்டாஞ்சேரி வாழ் தமிழர் ஒற்றுமைப் பேரவையின் அவசரச் செயற்குழு, தலைவர் செல்லப்பாவின் பாத்திரக்கடையில், அவர் தலைமையிலேயே கூடி, வரும் தலைமுறைகள் நன்றியோடு நினைவுகூர வேண்டிய தீர்மானம் ஒன்றை ஒருமனதாக நிறைவேற்றியது. அதன்படி, ஓட்டவீரர் முத்துவேலின் வலது தொடை இடுக்கு அன்று முதல் பேரவையின் முழுப் பொறுப்பில் வருகிறது. அதைக் குணப்படுத்துவது இனி ஒரு தனிமனிதனின் கவலை அல்ல, ஒரு சமூகத்தின் கடமை. முன்மொழிந்தவர் செல்லப்பா. வழிமொழிந்தவரும் அவரே என்று சிலர் சொல்வார்கள். அது அவதூறு. வழிமொழிந்தது அவருடைய மச்சான்.

மேற்படி இடுக்கின் சொந்தக்காரன் அப்போது இட்லிக் கொப்பரைகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தான். நேராக உட்கார்ந்தால் வலித்தது. கைதட்டல் கேட்டதும் எழுந்து கும்பிட்டான். எழுந்ததிலும் வலித்தது. அவனிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை என்பது அவனுக்கே வீட்டுக்குப் பாதி வழி நடந்த பிறகுதான் உறைத்தது.

முத்துவேலின் அப்பா சங்கரன்கோவில் பக்கமிருந்து கொச்சிக்கு மூட்டை சுமக்க வந்தவர். மகனுக்கு பஜார் ரோட்டில் சுக்கு கிடங்கு ஒன்றில் தரம் பிரிக்கிற வேலை. அந்தத் தெருவில் மூன்று முத்துவேல்கள் உண்டு. ஒருவன் சிலிண்டர் போடுகிற கேஸ் முத்துவேல், ஒருவன் பிளம்பர் முத்துவேல், இவன் நீண்ட காலம் சுக்கு முத்துவேல். ஒரு வருஷம் கிடங்கு முதலாளி தன் கம்பெனி பெயர் போட்ட பனியனை எல்லோருக்கும் மாட்டிவிட்டு ஏதோ ஒரு விழிப்புணர்வு ஓட்டத்துக்கு அனுப்பிவைத்தார். எதைப் பற்றிய விழிப்புணர்வு என்று ஓடியவர் யாருக்கும் நினைவில்லை. மற்றவர்கள் முதல் வளைவிலேயே சாயாக்கடைக்குள் ஒதுங்கிவிட, இவன் மட்டும் நிற்கத் தெரியாமல் கடைசிவரை ஓடிவிட்டான். அதற்குப் பிறகு அரை மாரத்தான், முழு மாரத்தான், கடைசியில் நாற்பதைத் தாண்டியவர்கள் பிரிவில் மூன்றாவது பரிசு. அந்தப் பிரிவில் மொத்தம் எத்தனை பேர் ஓடினார்கள் என்று கேட்கிற அநாகரிகம் மட்டாஞ்சேரியில் எவருக்கும் கிடையாது. மறுநாளிலிருந்து அவன் ஓட்டக்கார முத்துவேல் ஆனான். கிடங்கு மேஸ்திரி முதல்முறையாக அவனை உட்காரச் சொன்னார்.

அடிபட்ட கதை அவ்வளவு வீரமானதல்ல. மழைக்கால விடியலில், பழைய படகுத்துறைப் பக்கம், நடுரோட்டில் படுத்திருந்த ஆட்டைக் கடைசி நொடியில் பார்த்துத் தாண்டினான். அந்த ஊர் ஆடுகள் ரோட்டைப் பட்டா போட்டு வாங்கியவை. அது எழுந்திருக்கவில்லை. முத்துவேலின் தொடைக்கும் அடிவயிற்றுக்கும் நடுவில் ஈரத்துணி கிழிகிற மாதிரி ஏதோ ஒன்று கிழிந்தது. "கடும் பயிற்சியின்போது ஏற்பட்ட காயம்" என்று பேரவையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். ஆட்டைப் பற்றி அமுதவள்ளிக்கு மட்டும் சொன்னான். "ஆட்டுக்கு ஒண்ணுமில்லயே?" என்று கேட்டாள் அவன் மனைவி.

முழங்கால் என்றால் கௌரவமான இடம். எல்லோர் முன்னாலும் தடவிக்காட்டலாம். இந்த இடத்தை எப்படிக் காட்டுவது? தெருக்குழாயில் பெண்கள் அமுதவள்ளியிடம், "அவருக்கு அங்க எப்படியிருக்கு?" என்று விசாரித்தார்கள். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு, "கவட்டைதான, அப்படியேதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தாள். குழுவில் நாளொரு வைத்தியம் வந்தது. கல்லுப்பு ஒத்தடம், முருங்கைக்கீரைச் சாறு, ஓமத் தைலம், ஐஸ் கட்டி. ஐஸ் கூடவே கூடாது என்று வேறொருவர். அவன் எல்லாவற்றையும் செய்தான். வலி, வாடகை வீட்டில் பழகிப்போன குடித்தனக்காரனைப் போலக் காலி செய்யாமல் கிடந்தது.

அதன் பிறகுதான் தீர்மானம். காரணம் இல்லாமல் செல்லப்பா எதற்கும் தீர்மானம் போடமாட்டார். நகர மாரத்தான் வரப்போகிறது. அடுத்த தெரு சங்கம் ஒன்று தங்கள் சார்பில் ஒரு வங்கி அதிகாரியை ஓடவிடப்போவதாகவும், அவர் இப்போதே முட்டை வெள்ளைக்கருவாகத் தின்றுகொண்டிருப்பதாகவும் தகவல் வந்திருந்தது.

முதலில், களரி சொல்லிக்கொடுத்து வைத்தியமும் பார்க்கிற குருக்களிடம் கூட்டிப்போனார்கள். தோப்பும்படிப் பக்கம், எண்ணெய் ஊறிக் கறுத்த பலகையில் முத்துவேலைக் கிடத்திவிட்டு, மேலே கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு குருக்கள் காலாலேயே உடம்பை நீவி உழிந்தார். தினமும் அந்த எண்ணெயில் முத்துவேல் ஒரு மீனைப் போலக் கிடந்தான். உழிச்சல் முடிந்த கடைசி நாளில் குருக்கள் கையைத் துடைத்துக்கொண்டே, "இனி நல்லிரிக்க" என்றார். எத்தனை நாள் உழிச்சலோ அத்தனை நாள் சும்மா இருக்க வேண்டும். அதுதான் வைத்தியத்தின் மறுபாதி.

"ஓடண்டா. வேகம் நடக்கண்டா. வெயில் கொள்ளண்டா. சும்மா இரிக்கணும். மனசிலாயோ?"

"சும்மான்னா, குருக்களே?"

"சும்மா" என்றார் குருக்கள்.

செல்லப்பா சும்மா இருப்பதையும் பேரவையின் நிகழ்ச்சியாக்கினார். கிடங்கில் பேரவையே லீவு கேட்டு வாங்கியது. பகலில் முத்துவேல் பாத்திரக்கடை வாசலில், நிழலில், சாய்வு நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டான். "லே, காலை ஆட்டாத. வைத்தியம் முறிஞ்சிரும்" என்று கல்லாவிலிருந்து குரல் வரும். குக்கர் வாங்க வந்தவர்கள் அவனைப் பார்த்துவிட்டுப் போனார்கள். சிலர் அவனும் விற்பனைக்கோ என்று பார்த்தார்கள்.

ஆனால் காலைப்பொழுதுகள் அவனுடையவை. அதை யாரும் எதிர்பார்க்கவில்லை, அவன் உட்பட. ஓடுகிற காலத்தில் இருட்டிலேயே கிளம்பிவிடுவான். அடிபட்ட பிறகும் நொண்டிக்கொண்டே படகுத்துறை வரை நடந்தான், பிறகு உழிச்சலுக்கும் இருட்டிலேயே போனான். திரும்பி வரும்போது அமுதவள்ளி வேலைக்குப் போயிருப்பாள். ஃபோர்ட் கொச்சியில் ஒரு ஹோம்ஸ்டேயில், கடல் பார்க்க வந்த வெள்ளைக்காரர்களுக்கு அப்பமும் முட்டைக்கறியும் செய்து கொடுக்கிற வேலை. மூடிவைத்த தட்டு ஒன்றுதான் வருஷக்கணக்காக அவன் கண்ட காலைநேரத்து அமுதவள்ளி. நல்லிரிக்கையின் முதல் விடியலில் பழக்க தோஷத்தில் விழித்தவன், போக இடமில்லாமல் சமையலறை வாசலில் வந்து நின்றான். அவள் அடுப்படியில் நின்றபடியே பால் விடாத கட்டஞ்சாயாவைக் குடித்துக்கொண்டிருந்தாள். ஒரு கையால் தலையைக் கோதி, மறு கையால் தம்ளரைப் பிடித்து, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு. முகத்தில் அவன் இதுவரை பார்த்திராத ஓர் அயர்ச்சி. யாரும் பார்க்காத நேரத்துக்கென்று எடுத்துவைத்திருக்கிற முகம் போல.

"என்ன, இங்க நிக்கீங்க? வலிக்கா?"

"இல்ல. சும்மா."

மறுநாள் அவளுக்கு முன்னால் எழுந்து அவனே சாயா போட்டான். சுக்குக் கிடங்கில் வேலை செய்பவன் என்பதால் சுக்கைத் தாராளமாகத் தட்டிப்போட்டான். ஒரு வாய் குடித்துவிட்டு அவள் இருமினாள்.

"இது சாயாவா, கஷாயமா?"

இருந்தாலும் உட்கார்ந்து குடித்தாள். அவன் எதிரில் உட்கார்ந்தான். பெரிதாக ஒன்றும் பேசிவிடவில்லை. ஹோம்ஸ்டேயில் தினமும் ஓட்ஸ் கேட்கிற ஜெர்மன்காரரைப் பற்றி அவள் சொன்னாள். கிடங்கு கூரை ஒழுகுவதைப் பற்றி அவன் சொன்னான். மறுநாளும் அப்படியே. அடுத்த நாள் சுக்கைக் குறைத்தான். அவள் அதைக் கவனித்தாள். பஸ்ஸுக்கு நேரமாகும்போது தம்ளரைக் கழுவாமல் அவன் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தாள். அந்தத் தள்ளலுக்காக முத்துவேல் விடியலை எதிர்பார்க்க ஆரம்பித்தான்.

இதை யாரிடம் சொல்ல முடியும்? இனி ஓட வேண்டாம் என்று தோன்றுகிறது என்று சொன்னால் ஓட்டக்கார முத்துவேல் அன்றோடு முடிந்தான். மறுபடி சுக்கு. மேஸ்திரி மறுபடி நிற்க வைப்பார். அவனாக நிறுத்தினான் என்று இருக்கக் கூடாது. வேறு யாராவது, வெள்ளைக்கோட்டு போட்ட யாராவது, 'ஓடக் கூடாது' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். துக்கத்தோடு தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டு, வீட்டுக்கு வந்து சாயா போடலாம். வலியும் கைவிடவில்லை. நல்லிரிக்கை முடிந்த பிறகும் படியேறும்போது சுள்ளென்று இழுத்தது. எர்ணாகுளத்தில் பெரிய எலும்பு டாக்டரிடம் ஸ்கேன் எடுத்துக் காட்டப் பேரவை முடிவு செய்தபோது, முத்துவேல்தான் எல்லோரையும்விட ஆர்வமாக இருந்தான்.

டாக்டர் அறைக்குள் செல்லப்பா, மச்சான், முத்துவேல் மூவருமாக நுழைந்தார்கள். டாக்டருக்கு வயது குறைவு. மணிக்கட்டில் ஒரு தம்ளர் வாய் அகலத்துக்குக் கடிகாரம். சுவரில் அவரே ஏதோ ஒரு பந்தயத்தில் ஓடுகிற படம். முத்துவேல் அந்தச் சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தான்.

"எவிடயா வேதன?"

முத்துவேல் கையைத் தயங்கித் தயங்கி இறக்குவதற்குள் செல்லப்பா எழுந்து தன் வேட்டி மேலேயே அழுத்திக் காட்டினார். "இவிட, டாக்டர்."

"நிங்கள்க்கோ?"

"எனக்கில்ல டாக்டர். எங்க சமூகத்துக்கு."

டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முத்துவேலைப் படுக்கவைத்துக் காலை மடக்கினார், அகட்டினார், முழங்கால்களுக்கு நடுவே தன் முஷ்டியை வைத்து நெரிக்கச் சொன்னார். அவன் முகத்தைச் சுளித்தான். தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே சுளித்தான்.

"கிழிஞ்சது நல்லோணம் ஆறியிட்டுண்டு. இப்போ உள்ளது பழைய வேதனையோட வால். ஓடும்போ அதுவும் போகும்" என்று அவனுக்காகத் தமிழைக் கலந்து சொன்னார். "நானும் ஓடுந்நுண்டு, கேட்டோ. ஸ்டார்ட்டிங்கில் பாக்கலாம்."

"டாக்டர்" என்றான் முத்துவேல். "ஓடாம இருந்தா?"

டாக்டர் அவனை ஒரு கணம் பார்த்தார். "ஓடாம இருந்தாலும் ஒரு பிரச்சனையும் இல்லா. அது உங்க இஷ்டம்."

செல்லப்பா பெரிதாகச் சிரித்து அவன் முதுகில் தட்டினார். "பயலுக்கு எப்பவும் தமாஷுதான், டாக்டர்."

வாட்டர் மெட்ரோவில் திரும்பினார்கள். செல்லப்பா குழுவில் 'வரலாற்று வெற்றி' என்று தட்டச்சு செய்துகொண்டிருந்தார். குளிரூட்டிய படகின் கண்ணாடிக்கு அப்பால் கப்பல்களும் ஆகாயத்தாமரைத் திட்டுகளும் மெதுவாகப் போயின. இஷ்டம் என்ற ஒன்றைத் தன் கையில் இப்படிப் பொட்டலமாகக் கொடுப்பார்கள் என்று முத்துவேல் நினைக்கவில்லை. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

தெருமுனையில் ஃபிளெக்ஸ் கட்டி முடித்திருந்தார்கள். 'மட்டாஞ்சேரியின் வேங்கையே, வா.' கீழே பேரவை நிர்வாகிகளின் வட்ட முகங்கள், செல்லப்பாவின் வட்டம் மட்டும் தட்டு அளவுக்கு. நடுவில் முத்துவேல் பாய்ந்துகொண்டிருந்தான். வேலையிலிருந்து திரும்பிய அமுதவள்ளி பையைத் தோளில் மாட்டியபடி அதன் முன்னால் நின்றிருந்தாள்.

"தல ஒங்களுதுதான். கால் யாரோடது?"

அவன் உற்றுப் பார்த்தான். கெண்டைக்கால்கள் ஒவ்வொன்றும் பலாக்காய் போல. "தெரியல. கடைக்காரன் கம்ப்யூட்டர்ல ஒட்டியிருப்பான்."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஓடலாமாம்."

அவள் தலையாட்டினாள். "அப்ப நாளைக்கு நான் நின்னே குடிச்சிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். குறையாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் மாறியதைச் சொல்வது போலச் சொன்னாள்.

மறுநாள் விடியலில் வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. பயிற்சியைப் பேரவை நேரடியாக மேற்பார்வையிடுவது என்று முடிவாகியிருந்தது. தலையில் மஃப்ளரும் கழுத்தில் விசிலுமாகச் செல்லப்பா ஹாரன் அடித்தார். உள்ளே முத்துவேல் அரைக்கால் சட்டை போட்டு, ஒரு காலில் ஷூவும் மாட்டியிருந்தான். அடுப்பில் தண்ணீர் வைத்திருந்தான். எது முதலில் என்று அவன் தீர்மானிக்கவில்லை, கை பாட்டுக்கு இரண்டையும் செய்திருந்தது. அமுதவள்ளி தலையை முடிந்துகொண்டு வந்தவள், ஒற்றை ஷூவைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள். சாயாப்பொடி டப்பாவை எடுத்து மேடையில் வைத்துவிட்டு நின்றாள்.

ஹாரன் மறுபடி அடித்தது. முத்துவேல் வாசலுக்குப் போனான். ஒரு கையால் சுவரைப் பிடித்து, வலது காலை லேசாக இழுத்து இழுத்து.

"லே, என்னல? எந்தா பிரச்சனை?"

"வலிக்கு, அண்ணாச்சி."

"டாக்டர் ஒண்ணுமில்லன்னுல்லா சொன்னாரு."

"அவருக்கென்ன. எனக்கு வலிக்கு."

செல்லப்பா வண்டியை அணைத்தார். விசிலைக் கழுத்திலிருந்து கழற்றினார். அடுத்த செயற்குழுவை எப்போது கூட்டலாம் என்பது போல வானத்தைப் பார்த்தார். உள்ளே இரண்டு தம்ளர்கள் மேடையில் உட்காரும் சத்தம் கேட்டது.

வலிக்கவில்லை.