டிரையர் பக்கம் தொங்கிய போன்

சரிதாவின் போன் இரண்டு நாளாகச் சார்ஜ் ஏறவில்லை. ஏனென்று அவளுக்குப் புரியவே இல்லை.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் மகள் காயத்ரிக்கு வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குப் பிரசவ ஆபரேஷன். புதன்கிழமை பேசியபோது சண்டை வந்துவிட்டது. தேயிலை பேக்டரியில் லீவு கிடைக்காது என்று சரிதா சொல்ல, "அப்ப வேலையையே கட்டிட்டு அழு" என்று மகள் போனை வைத்துவிட்டாள். அன்று மாலையே போன் அணைந்துபோயிற்று. அம்மா வேண்டுமென்றே அணைத்துவிட்டாள் என்றுதானே நினைப்பாள்? கூப்பிட்டுச் சொல்லலாமென்றால் நம்பரெல்லாம் போனுக்குள். ஒன்றுகூட மனப்பாடமில்லை.

வெள்ளிக்கிழமை மேஸ்திரியிடம் கெஞ்சி ஒரு மணி நேரம் வாங்கிக்கொண்டு மஞ்சூர் கடைவீதிக்கு ஓடினாள். போன் கடை அயூப் ஜும்மா தொழுகைக்குக் கிளம்பி, ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்.

"ஏனுங் பாய், ஒரே நிமிசம்."

போனை வாங்கியவர் கையை உதறினார். "என்னங்க்கா இது, எண்ணெய்ல இருந்து எடுத்த வடையாட்டம் சுடுது?"

"தேயிலை காய வைக்கிற டிரையர் பக்கத்துல தொங்க விட்டிருந்தனுங்க. பனி ஈரம் உள்ள போகக் கூடாதுன்னு மழைக்காலத்துல இருந்தே அப்படித்தான்."

"அப்புறம்?"

"முன்னெல்லாம் வயரைச் சாச்சுப் புடிச்சா ஏறும். இப்ப அதுவும் இல்லீங்க. அரிசி டின்னுல புதைச்சேன். பக்கத்தூட்டு சார்ஜரு மாத்திப் போட்டேன். காய வைக்கக் காய வைக்க மோசமாத்தான் ஆகுது."

அயூப் சார்ஜர் செருகும் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்துச் சிரித்துவிட்டார். "இதுல ஒரு டம்ளர் டீ போடலாமுங்க்கா!"

பல்குத்தும் மரக்குச்சியால் அவர் மெல்ல நெம்ப, இறுகிய தேயிலைத் தூள் கட்டி கட்டியாக விழுந்தது. ஈரத்துக்குப் பயந்து டிரையர் பக்கம் வைக்க, அங்கே பறந்த தூளெல்லாம் துளைக்குள் போய் அடைத்திருந்தது.

"போன் நல்லாத்தான் இருக்குது. இனி மூடி போட்ட டப்பாவுல வைங்க. ஊசி விட்டு மட்டும் குத்திராதீங்க."

வயரைச் செருகினார். பள்ளிவாசலில் இருந்து பாங்கு கேட்டது. "கொஞ்சம் ஏறட்டும். கடையைப் பார்த்துக்குங்க, தொழுதுட்டு வந்தர்றேன்."

"நானுங்களா?"

அவர் அதற்குள் தெருவில் இறங்கிவிட்டார். அலமாரி நிறையப் புதுப் போன்கள். அவள் பெயரைக்கூட அவர் கேட்கவில்லை. கடவுள் சில நேரம் இப்படித்தான் வந்து போகிறார் போலும்.

பத்து நிமிடத்தில் திரை ஒளிர்ந்தது. உடனே மகளைக் கூப்பிட்டாள்.

"இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா? ஆப் பண்ணி வச்சிட்டே இல்ல?"

"இல்ல சாமி, தூளு அடைச்சிருச்சு."

"என்ன தூளு?"

"டீத் தூளு... டிரையரு... அரிசி டின்னுலகூட..." எங்கே தொடங்குவதென்று தெரியாமல் எல்லாவற்றையும் கொட்டினாள்.

மறுமுனையில் காயத்ரி அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "ஒண்ணுமே புரியலம்மா. ஆனா வச்சிராத. நர்சு வந்து கூப்பிடற வரைக்கும் பேசிட்டே இரு."

வயரைப் பிடுங்க மனமில்லாமல், மேசைமேல் குனிந்தபடியே சரிதா பேசிக்கொண்டிருந்தாள்.