சுக்குப் பொடியும் போலீஸ் நாயும்

திடீர்ச் சோதனை என்றால் சொல்லாமல் கொள்ளாமல் வர வேண்டும். ஆனால் தலைமையாசிரியை வசந்தி டீச்சருக்குப் பத்திரிகையில் படம் வருவது அதைவிட முக்கியம். அதனால் புதன்கிழமை காலை அசெம்பிளியிலேயே மைக்கைப் பிடித்துச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை போதைப்பொருள் தேட போலீஸ் நாய் வருகிறது, திடீரென்று வருகிறது, எல்லோரும் யூனிஃபார்மை இஸ்திரி போட்டு வாருங்கள், எவனாவது மாட்டினால் அன்றைக்கே டி.சி.

மட்டாஞ்சேரியில் இந்தப் பள்ளிக்கூடத்தைத் தவிர வேறெங்கும் திருடனுக்கு இப்படி மரியாதையாகத் தாக்கல் சொல்ல மாட்டார்கள்.

ஒன்பதாம் வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். நௌரின் மட்டும் சிரிக்கவில்லை. நாலு பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருந்த ஃபயாஸைப் பார்த்தாள். அவன் அவளுடைய மாமி மகன். ஒரே வீடு, கீழே நௌரினின் வாப்பா ஜாபர் சாதிக்கின் சுக்குக் குடோன், மாடியில் இரண்டு குடும்பம். சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் நின்று அவன் புகையிலைத் தூளைக் கிள்ளிக் கீழுதட்டுக்குள் அடக்குவதை அவள் போன மாதமே பார்த்துவிட்டாள். வீட்டில் சொல்லவில்லை. அவனுடைய வாப்பா போன மழைக்காலத்தில்தான் மௌத்தாகி அடக்கமாகியிருந்தார். மாமி சுல்ஃபத் இன்னும் சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. மகனுக்கு டி.சி. என்று கேட்டால் என்ன ஆவாளோ என்று நினைக்கவே நௌரினுக்குப் பயமாக இருந்தது.

அன்று மாலை மாடிப்படியில் அவனை மறித்தாள்.

"வெள்ளிக்கிழமை அந்த எழவை வீட்ல வெச்சிட்டு வா."

"முடியாது."

"ஒரு நாள்டா!"

"முடியாதுன்னா முடியாது. உனக்கெந்தா?"

"சரி, வெச்சுக்கோ. நாய் போறவரைக்கும் வாயில வெக்க மாட்டேன்னாவது சொல்லு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

அதற்கு மட்டும் தலையாட்டினான். திமிர் பிடித்தவன் என்று அவள் மனசுக்குள் திட்டிக்கொண்டாள்.

மிச்சத்தைப் பார்த்துக்கொள்ள நௌரினுக்குப் பெரிய மூளை தேவைப்படவில்லை. குடோன் தரையில் கூட்டிக் குவித்த சுக்குத் தூசி கேட்பாரற்றுக் கிடந்தது. உம்மாவின் அடுக்களையிலிருந்து கொஞ்சம் மிளகுத் தூளும் சேர்ந்தது. வெள்ளிக்கிழமை எல்லோரும் அசெம்பிளிக்குப் போனபோது, "வயித்து வலி டீச்சரே" என்று வகுப்பிலேயே சுருண்டு படுத்தாள். கடைசிக் கால்சத்தம் அடங்கியதும் வலி போய்விட்டது. டிபன் டப்பாவைத் திறந்து, ஒரு பை விடாமல், பெஞ்சு விடாமல், கோலம் போடுகிறவள் மாதிரி தூவினாள். சுக்கு வாசம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. பிறந்ததிலிருந்து அதைத்தான் மூச்சாக இழுக்கிறாள்.

பிள்ளைகளை வெளியே நிறுத்திவிட்டுப் பைகளை மட்டும் சோதிப்பதுதான் முறை. ஆனால் படத்தில் பிள்ளைகள் தெரிய வேண்டுமே! எல்லோரையும் அவரவர் இடத்தில் உட்கார வைத்தார் டீச்சர். லில்லி என்ற அந்த நாய் கம்பீரமாக உள்ளே வந்தது. முதல் பையை மோந்தது. தும்மியது. இரண்டாவது பையை மோந்தது. நாலு தும்மல். மூன்றாவது பைக்கு வரவே மாட்டேன் என்று அதைக் கூட்டிவந்த போலீஸ்காரரின் பூட்ஸ் மேல் உட்கார்ந்துகொண்டு மூக்கைத் தேய்த்தது. படமெடுக்க வந்தவர் தும்மினார். வசந்தி டீச்சர் தும்மியதில் கண்ணாடி கழன்று விழுந்தது. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

ஜெயித்தாயிற்று என்று நௌரின் ஃபயாஸைத் திரும்பிப் பார்த்தாள். அவன் இடத்தில் இல்லை.

பெஞ்சுக்கு அடியில் இருந்தான். இரண்டு கையையும் தலைக்கு மேலே குடை பிடித்த மாதிரி வைத்துக்கொண்டு, ஏதோ தன் மேல் விழப்போகிறது என்பதுபோல் குறுகிக் கிடந்தான். சிரிப்பு ஒவ்வொரு பெஞ்சாக அடங்கியது. டீச்சர் குனிந்து அவன் தோளைத் தொட்டதும் அவன் பாக்கெட்டுக்குள் கைவிட்டு, போலீஸ்காரர் பார்க்க, டீச்சர் பார்க்க, பொட்டலத்தைப் பல்லால் கிழித்து உதட்டுக்குள் திணித்துக்கொண்டான்.

வசந்தி டீச்சர் பள்ளிக்கூடத்தில் மலையாளம்தான் பேசுவார். கோபம் தலைக்கேறினால் மட்டும் வீட்டுத் தமிழ் வந்துவிடும்.

"போலீஸ் முன்னாடியே போடறியா? என்ன தைரியம்டா உனக்கு! எதுக்குடா இந்தக் கருமம்?"

ஃபயாஸ் அவரைப் பார்க்கவில்லை. "இது வாயில இருந்தா சுக்கு மணக்காது டீச்சரே," என்றான்.

டீச்சருக்குப் புரியவில்லை. நௌரினுக்குப் புரிந்துவிட்டது. குடோனில் அடுக்கியிருந்த சுக்கு மூட்டைகள் சரிந்து அவன் வாப்பா அடியில் மாட்டிக்கொண்ட அன்று, அவருக்குச் சாயா எடுத்துக்கொண்டு போனது ஃபயாஸ்தான். அது ஊருக்கே தெரியும். பையன் அழவேயில்லை, நல்ல தைரியசாலி என்றுதான் எல்லோரும் பேசினார்கள். அவன் எதைப் பார்த்தான் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதே குடோன் வழியாகத்தான் அவன் தினமும் மாடியேறினான். அதே வாசத்தில்தான் படுத்தான்.

நௌரின் எழுந்து நின்றாள்.

"டி.சி.யை எனக்குக் குடுங்க டீச்சரே! பொடி போட்டது நான். அவன் வாப்பா மேல மூட்டை விழுறப்ப இவன் அங்கதான் நின்னான். சுக்கு மூட்டை!"

அந்த நேரம் பார்த்து போலீஸ்காரர் தயங்கித் தயங்கி வாய் திறந்தார். "டீச்சரே, எங்க லில்லிக்கு கஞ்சா மட்டும்தான் அறியும். புகையிலையெல்லாம் படிக்கலை."

நாயைக் கடித்துவிடலாமா என்று இருந்தது நௌரினுக்கு.

வசந்தி டீச்சர் படக்காரரைப் பார்த்து, "நீங்க கிளம்புங்கோ," என்றார். ஜன்னலையெல்லாம் திறக்கச் சொன்னார். பைகளை மைதானத்துக்குத் தூக்கிப்போகச் சொன்னார். அவர் புடவையிலும் பொடி இருந்தது. குழாயடிக்குப் போய் உதறி, கையையும் முகத்தையும் கழுவிக்கொண்டு வந்து, நல்ல பட்டுப்புடவையோடு தரையில் ஃபயாஸ் பக்கத்தில் உட்கார்ந்தார். டி.சி. பற்றி அப்புறம் அவர் பேசவே இல்லை. வகுப்பின் எல்லாப் பைகளையும் துவைக்கும் தண்டனை மட்டும் நௌரினுக்குக் கிடைத்தது. அதுவும் நியாயம்தான்.

இப்போது ஃபயாஸும் மாமியும் அக்கரையில் வைப்பின் தீவில், கருவாடு காயப்போடும் மாமியின் நாத்தனார் வீட்டில் இருக்கிறார்கள். ஃபெர்ரியில் வந்துபோகிறான். திங்கள்கிழமைகளில் டீச்சரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறார். புகையிலை முழுசாகப் போய்விடவில்லை, குறைந்திருக்கிறது. அவன் மேல் கருவாட்டு வாசம் அடிக்கிறது என்று பக்கத்தில் உட்கார ஆளில்லை. நௌரின் உட்காருகிறாள். ஆனால் அதற்கு முன்னால் தினமும் சோப்புப் போட்டுக் கை கழுவி, தோழி விஷ்ணுப்ரியாவிடம் தலைமுடியை நீட்டுவாள். விஷ்ணுப்ரியா நாய் மாதிரி மோந்துபார்த்து, சுக்கு மணக்கவில்லை என்றால் ஒருதரம் குரைப்பாள்.

நேற்று விஷ்ணுப்ரியா வரவில்லை. நௌரின் பயந்துகொண்டேதான் போய் உட்கார்ந்தாள். ஃபயாஸின் மூக்கு சுருங்கியது. கை பாக்கெட்டுக்குப் போனது. வெளியே வந்தது ஒரு புளிப்பு மிட்டாய். அதை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினான்.

"மணக்குதா? அங்க போயி உக்காரட்டா?" என்றாள் நௌரின்.

"மணக்குது," என்றான். "நீ இரு."